மிச்சம் வைக்காதே

வெலோட்ரோமில், அதாவது சைக்கிள் பந்தயத் தளத்தில், நடக்கும் ஸ்பிரின்ட் பயிற்சியை முதல்முறை பார்க்க வருபவர்களுக்குச் சப்பென்று இருக்கும். வந்த பிள்ளைகள் பாதி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ரோலர்மேல் சைக்கிளை ஏற்றி மெதுவாக மிதிக்கிறார்கள். பல்சக்கரம் மாற்றுகிறார்கள், தண்ணீர் குடிக்கிறார்கள், காலை நீட்டிப் படுக்கிறார்கள். நடுவே ஒருவன் எழுந்து போகிறான், பத்துப் பன்னிரண்டு விநாடி உயிரைக் கொடுத்து மிதிக்கிறான், திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்துகொள்கிறான். மூன்று மணி நேரப் பயிற்சியில் முழு மூச்சாக மிதித்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு நிமிடம் தேறினாலே பெரிது.

தம்பி, தங்கச்சி, உங்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு நிமிடம்தான் உங்கள் பயிற்சி நாள். அதில் நீ நூற்றுக்கு நூறும் கொடுக்கலாம். யாருக்கும் தெரியாமல் தொண்ணூறைக் கொடுத்துவிட்டு மீதிப் பத்தை மடியில் முடிந்துகொண்டும் வந்துவிடலாம். மூச்சு வாங்கும், வியர்வை கொட்டும், கோச்கூட முதுகில் தட்டிக் கொடுப்பார். ஆனால் உனக்குத் தெரியும். இந்தக் கட்டுரை முழுக்க எனக்குச் சண்டை அந்தப் பத்தோடுதான்.

டெல்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய வெலோட்ரோம் இருக்கிறது. சுற்றுக்கு 250 மீட்டர், மரத்தளம், மேலே கூரை. இந்த அளவுத் தளங்களில் வளைவு ஏறக்குறைய 42 டிகிரி சாய்ந்து நிற்கும். நடந்து ஏறினாலே கால் வழுக்கும் சரிவு அது. அதன்மேல் ஓடும் சைக்கிளுக்கோ பிரேக் கிடையாது. பெடல் பின்சக்கரத்தோடு பூட்டியிருக்கும். சக்கரம் சுற்றும்வரை காலும் சுற்றியாக வேண்டும். மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உருண்டு வரலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதல் நாள் கீழே நின்று அந்த வளைவை அண்ணாந்து பார்க்கும் பிள்ளைக்கு அடிவயிறு கலங்கும். கலங்கட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்போது கோச் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள். "வேகத்தைக் குறைக்காதே. கீழே இருக்கும் கறுப்புக் கோட்டிலேயே வா. பார்வை முன்னாடி இருக்கட்டும்." வளைவில் உன்னை மரத்தோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பது உன் வேகம்தான். மணிக்கு முப்பது கிலோமீட்டர் சுமாருக்குப் போனால் டயர் தளத்தைப் பற்றிக்கொள்ளும். பயந்துபோய் மிதியைத் தளர்த்தினால் சக்கரம் சரியும். அனுபவசாலிகள் அதே சரிவில் ஊர்ந்தும் போவார்கள், அந்த வித்தை பிறகு வரும். புதிதாக ஏறுகிறவனுக்குப் பயத்தின் பேச்சைக் கேட்டு நடப்பதுதான் ஆபத்து. பயம் உள்ளே இருந்து கத்திக்கொண்டே இருக்கட்டும், கால் சுற்றிக்கொண்டே இருக்கட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்பதை நீ கற்றுக்கொள்ளும் இடம் அந்த வளைவுதான்.

வளைவுப் பயம் சில வாரங்களில் போய்விடும். அதைவிடக் கெட்டியான இன்னொரு பயம் இருக்கிறது. அந்தப் பத்தை மடியில் முடிய வைப்பது அதுதான்.

ஏன் மிச்சம் வைக்கிறாய்? சோம்பேறி என்று உன்னை நான் சொல்ல மாட்டேன். சோம்பேறி இருட்டோடு எழுந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வர மாட்டான். நீ மிச்சம் வைப்பது, முழுவதையும் கொடுத்தும் தோற்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில். அப்புறம் சொல்வதற்கு உன்னிடம் ஒன்றுமே இருக்காது. 'நேற்றுச் சரியாகத் தூங்கவில்லை', 'கியர் பெரிதாகப் போட்டுவிட்டேன்', 'நான் முழுசாகப் போகவே இல்லை' என்றெல்லாம் பிறகு சொல்லிக்கொள்ளத்தான் அந்தப் பத்தைக் காப்பாற்றி வைக்கிறாய். தோல்விக்கு முன்கூட்டியே எழுதி வைத்த விடுப்புக் கடிதம் அது. கிழித்துப் போடு! ஒரு தடவை முழுசாகக் கொடுத்துத் தோற்றுப் பார். வானம் இடிந்து விழாது. உன் கையில் உண்மையான எண் ஒன்று இருக்கும். 200 மீட்டருக்கு 12.40 விநாடி என்றால் 12.40தான். அந்த எண்ணின்மேல் கால் ஊன்றி அடுத்த படி ஏறலாம். தொண்ணூறு விழுக்காட்டில் ஓட்டி எடுத்த 12.40இன்மேல் எதையும் கட்ட முடியாது, அது யாருடைய அளவும் இல்லை.

ஏதென்ஸ் ஒலிம்பிக்கை நினைத்துப் பார். 2004, ஒரு கிலோமீட்டர் டைம் ட்ரயல். நின்ற நிலையிலிருந்து கிளம்பி நான்கு சுற்று. எதிராளி கிடையாது, கடிகாரம் மட்டும்தான். உலகச் சாம்பியன் என்ற முறையில் ஸ்காட்லாந்தின் கிறிஸ் ஹோய் கடைசி ஆளாகக் கிளம்ப வேண்டும். அவருக்கு முன்னால் பிரான்ஸின் அர்னோ தூர்னான் 1 நிமிடம் 0.896 விநாடியில் முடித்துவிட்டார். ஒலிம்பிக்கில் அன்றுவரை அவ்வளவு வேகமாக யாரும் போனதில்லை. அந்த எண்ணைத் தெரிந்துகொண்டுதான் ஹோய் கிளம்பும் இடத்துக் கேட்டில் சக்கரத்தைப் பூட்டினார். ஒரே வாய்ப்பு, இரண்டாவது முறை கிடையாது. அந்த இடத்தில் மடியில் பத்து வைத்திருப்பவன் என்ன ஆவான், யோசித்துப் பார். ஹோய் 1 நிமிடம் 0.711இல் முடித்தார். ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளி. தங்கம் அதற்குள்தான் இருந்தது.

கதை அதோடு நிற்கவில்லை, எனக்கு அதன் அடுத்த பகுதிதான் முக்கியம். அந்தப் போட்டியையே ஒலிம்பிக் பட்டியலிலிருந்து தூக்கிவிடப் போவதாக 2005இல் அறிவித்தார்கள். தன் வாழ்நாள் பயிற்சியை எதற்காகச் செலவிட்டாரோ அதையே காலடியிலிருந்து உருவிவிட்டார்கள். முப்பதை நெருங்கும் வயது. பதக்கத்தைச் சுவரில் மாட்டிவிட்டு ஓய்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஹோய், எதிராளிகளோடு மோதும் ஸ்பிரின்டையும் கெய்ரினையும் கற்றுக்கொள்ளப் போனார். கடிகாரத்தோடு மட்டும் பேசிப் பழகியவர், எதிராளியின் தோளையும் கண்ணையும் படிக்கப் பழகினார். 2008 பெய்ஜிங்கில் ஸ்பிரின்ட், கெய்ரின், அணி ஸ்பிரின்ட் என்று மூன்று தங்கம். 2012 லண்டனில் இன்னும் இரண்டு. மொத்தம் ஆறு. இவர் பிள்ளையாக இருந்தபோது ஓட்டிய எடின்பரோவின் மெடோபேங்க் தளத்துக்குக் கூரை கிடையாது. மழை வந்தால் அன்றைக்குப் பயிற்சி இல்லை. 'எங்க ஊர்ல வசதி இல்ல சார்' என்கிற பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன்.

முழு முயற்சி என்று நான் கத்துவதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. தசைக்குள் உடனடிச் செலவுக்கென்று கிரியேட்டின் பாஸ்பேட் கொஞ்சம் சேமிப்பில் இருக்கும். உச்ச வேகத்தில் மிதித்தால் பத்து விநாடியில் அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். வீட்டு மாடித் தொட்டி காலியானால் மோட்டார் போட்டு நிரம்பும்வரை காத்திருப்பதுபோல, உடம்பும் அதைத் திரும்ப நிரப்பச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கோச் உன்னை உட்காரச் சொல்கிறார். பத்து நிமிடம், சில நாள் இருபது நிமிடம்கூட. உட்காருவது பயிற்சிக்கு இடைவேளை என்று நினைக்காதே, அதுவும் பயிற்சியின் பாதி. பரபரப்பான பிள்ளைகள் இங்கேதான் கெடுகிறார்கள். 'எனக்கு ஒன்னும் ஆகல, இன்னொரு ரவுண்டு போறேன்' என்று இரண்டு நிமிடத்தில் எழுந்து நிற்பார்கள். அப்படி உடனே எழுந்திருக்க முடிகிறது என்றால், போன ரவுண்டில் நீ எதையோ மிச்சம் வைத்துவிட்டு வந்தாய் என்று அர்த்தம்.

இன்னொன்று. தசையில் இழைகள் பல வகை. மூளை முதலில் வேலைக்குக் கூப்பிடுவது சின்ன இழைகளை. அவை எளிதில் களைக்காது, ஆனால் வேகமும் கிடையாது. பளு கூடக் கூடத்தான் பெரிய இழைகள் ஒவ்வொன்றாக எழும். மிக வேகமான, மிக வலிமையான இழைகள் கடைசியில்தான் வரும். உச்சத்தைக் கேட்டால்தான் அவை வரும். ஸ்பிரின்டருக்கு வேண்டியதே அந்தக் கடைசி இழைகள். நீ சேமித்து வைத்த பத்தில் தூங்கிக்கொண்டிருப்பதும் அவையேதான்! மிச்சம் வைத்து மிதித்த நாளில் உனக்குக் களைப்பு வந்திருக்கும், பசி வந்திருக்கும், வேகம் மட்டும் வந்திருக்காது. உன் காலில் இருக்கும் மிக வலிமையான பகுதியை நீயே இன்னும் பார்த்ததில்லை என்றால் எப்படி இருக்கிறது உனக்கு? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

'ஹோய் வெள்ளைக்காரர், நம்மால் ஆகுமா?' என்று ஒரு குரல் எழும். அந்தக் குரலுக்கு அந்தமான் நிக்கோபாரிலிருந்து பதில் வருகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் மரத்தைப் பற்றிக்கொண்டு நாள்கணக்கில் தாக்குப்பிடித்து உயிர் பிழைத்த ஒன்பது வயதுச் சிறுமி டெபோரா ஹெரால்ட். அந்தப் பெண் பின்னாளில் டெல்லித் தளத்தில் இந்தியாவின் முன்னணி ஸ்பிரின்டர் ஆனாள். அதே தீவுக் கூட்டத்திலிருந்து வந்த எசோ ஆல்பன், 2018இல் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் நடந்த ஜூனியர் உலகச் சாம்பியன்ஷிப்பில் கெய்ரின் வெள்ளி வென்றான். சைக்கிள் பந்தயத்தில் உலகச் சாம்பியன்ஷிப் பதக்கம் எதையும் அதற்கு முன் இந்தியா கண்டதில்லை. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் ஆன் டெர் ஓடரில் எசோவும் மணிப்பூரின் ரொனால்டோ சிங், ரோஜித் சிங் இருவரும் சேர்ந்து அணி ஸ்பிரின்டில் தங்கமே எடுத்துவிட்டார்கள். ஜூனியர் உலகச் சாம்பியன்கள்! நின்ற நிலையிலிருந்து கிளம்பி 750 மீட்டரை 45 விநாடிக்குள் முடித்தார்கள். சராசரி மணிக்கு அறுபது கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் பின்னால். 2022இல் டெல்லியில் நடந்த ஆசியச் சாம்பியன்ஷிப்பில் ரொனால்டோ பெரியவர்களோடு மோதித் தனிநபர் ஸ்பிரின்டில் வெள்ளி எடுத்தான். எந்த இந்தியனும் அதுவரை தொடாத இடம் அது.

அணி ஸ்பிரின்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மூன்று பேர் கிளம்புவார்கள். முதல் சுற்றை இழுத்தவன் விலகிவிடுவான், இரண்டாமவன் இரண்டாவது சுற்று முடிந்ததும் விலகுவான், மூன்றாமவன் தனியாக முடிப்பான். முதல் ஆளுக்குக் கிடைப்பது ஒரே ஒரு சுற்று. அவன் முடிவுக்கோட்டைக் கடப்பதே இல்லை. இருந்தும் அவன் முதல் மிதியில் விட்டுவைக்கும் ஒவ்வொரு துளியையும் பின்னால் வருகிற இரண்டு பேரும் சுமக்க வேண்டும். பயிற்சியில் இந்த முதல் ஆள் வேலையை விரும்பிக் கேட்டு வாங்கு. 'நான் கடைசியில் வருகிறேன்' என்று ஒதுங்காதே. தன்னம்பிக்கை புத்தகத்தில் வளர்கிறதா, எனக்குத் தெரியாது. அந்த முதல் சுற்றில் வளர்கிறது.

முழுவதையும் கொடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த எடுப்பிலேயே கொட்டிவிடு என்று பொருள் கொள்ளாதே. இருவர் மோதும் ஸ்பிரின்டில் மூன்று சுற்று. அதில் பெரும்பகுதியை நடை வேகத்தில்கூட ஓட்டுவார்கள். முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும், பின்னால் ஒட்டி வருகிறவனுக்கு அந்தப் பாரம் குறைவு. அதனால் முன்னால் போக இருவருக்குமே மனம் இருக்காது. சைக்கிளை அப்படியே அசையாமல் நிறுத்தி எதிராளியை முன்னே தள்ளப் பார்ப்பார்கள். விதி அதற்கு 30 விநாடி அனுமதிக்கிறது. பயிற்சி நாளில் கோச் இதற்காகவே உங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து விடுவார். திரும்பிப் பார்க்கப் பழகு. மேலே வேலியோரம் ஏறி, அங்கிருந்து சரிந்து இறங்கும்போது கிடைக்கும் வேகத்தை எப்போது செலவழிக்கலாம் என்று பழகு. கணக்குப் போடு, பொறு, காத்திரு. ஆனால் முடிவெடுத்த பிறகு பாதியில் தயங்காதே. அரை மனதாகத் தாக்கினவன் எதிராளிக்கு வழிகாட்டிக் கொடுத்தவன் ஆகிறான்.

டோக்கியோ ஒலிம்பிக்கின் கடைசி நாள், 2021 ஆகஸ்ட் 8. இசு வெலோட்ரோமில் ஆண்கள் கெய்ரின் இறுதிப் போட்டி. கெய்ரினில் ஒரு மோட்டார் வண்டி முன்னால் ஓடி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும், கடைசி மூன்று சுற்று இருக்கும்போது விலகும். பிரிட்டனின் ஜேசன் கென்னி அதன் பின்னால் முதல் ஆள். அந்த ஒலிம்பிக் அவருக்குச் சரியாக அமையவில்லை, தனிநபர் ஸ்பிரின்டில் பதக்கமே இல்லை. வண்டி விலகும் நேரத்தில் திரும்பிப் பார்க்கிறார், தனக்குப் பின்னால் வந்தவர் இடைவெளி விட்டிருக்கிறார். வழக்கமாக அந்த இடத்தில் யாரும் பாய்வதில்லை. 750 மீட்டர் பாக்கி இருக்கிறது, இப்போதே பாய்ந்தால் கடைசிச் சுற்றில் கால் எரிந்துவிடும். கென்னி பாய்ந்தார். ஒரு பார்வை, ஒரு முடிவு, அப்புறம் திரும்பிப் போகும் வழியே இல்லை. கடைசி வரை அவரை யாராலும் நெருங்க முடியவில்லை. அது அவருடைய ஏழாவது தங்கம். பிரிட்டனில் அதற்கு முன் யாரும் ஏழு எடுத்ததில்லை.

அன்றைக்கு இரண்டாவது வந்தவரையும் நீ தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். மலேசியாவின் அஸிஸுல்ஹஸ்னி அவாங். திரங்கானு மாநிலத்தின் டுங்குன் ஊர்க்காரர். உயரம் 168 சென்டிமீட்டர். தூண்தூணாகத் தொடை வைத்த மனிதர்கள் நடுவில் பள்ளிப் பையன்போல நிற்பார். 2011இல் மான்செஸ்டரில் நடந்த கெய்ரினில் விழுந்தார். மரத்தளத்திலிருந்து பெயர்ந்த ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளச் சிலாம்பு கெண்டைக்காலைத் துளைத்து மறுபக்கம் வந்துவிட்டது. எழுந்து ஏறி முடிவுக்கோட்டைக் கடந்து மூன்றாம் இடம் பிடித்தார். காயத்தோடு ஓட்டு என்று உனக்கு நான் சொல்லவில்லை. நீ விழுந்தால் அசையாதே, கோச் வரும்வரை படுத்திரு, தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஓட்டுவது முடிந்தது. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தவை. காலில் மரம் ஏறிய மனிதர் அதே மரத்தின்மேல் திரும்பி வந்தார். 2016 ரியோவில் வெண்கலம், 2017இல் உலகச் சாம்பியன், டோக்கியோவில் வெள்ளி. உயரத்தை அளந்து பார்த்து 'இவன் ஸ்பிரின்டுக்கு ஆகமாட்டான்' என்று யாராவது உன்னைப் பற்றிச் சொன்னால் இந்தப் பெயரைச் சொல்.

பெற்றோருக்கும் கோச்சுகளுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது 'ஏன் சும்மா உட்காந்திருக்க?' என்று கேட்காதீர்கள். பக்கத்துப் பிள்ளையின் நேரத்தை இந்தப் பிள்ளையின் காதில் ஓதாதீர்கள். ஜூனியர் வயதில் ஒருத்தி பதினாலில் வளர்ந்துவிடுவாள், இன்னொருத்தி பதினேழில்தான் வளர்வாள். இன்றைய வரிசை நாளைய வரிசை ஆகாது. நீங்கள் ஒப்பிட்டுப் பேசப் பேசத்தான் பிள்ளை மடியில் பத்தை ஒளித்து வைக்கக் கற்றுக்கொள்கிறது. முழுசாகக் கொடுத்துவிட்டு மோசமான நேரத்தோடு வந்து நிற்கும் பிள்ளையைத் திட்டினால், அடுத்த முறை அது உங்களுக்குச் சாக்கைத்தான் தயார் செய்து கொண்டுவரும். சாக்கு சொல்லத் தேவையில்லாத வீடாக உங்கள் வீட்டை வைத்துக்கொள்ளுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

இனி உனக்கு. அடுத்த பயிற்சி நாளில் ஃப்ளையிங் 200 இருக்கும். வேலியோரம் மேலேறிச் சுற்றி வந்து, வேகத்தைச் சேர்த்துக்கொண்டு இறங்கி, கடைசி 200 மீட்டரை அளக்கும் ஓட்டம். 2024 பாரிஸில் ஹாலந்தின் ஹாரி லாவ்ரேசன் அதை 9.088 விநாடியில் முடித்து அன்றைய உலக சாதனையை எடுத்தார். மணிக்கு 79 கிலோமீட்டர். அவர் முதலில் பிஎம்எக்ஸ் ஓட்டியவர், தோள்பட்டைக் காயங்கள் அங்கிருந்து துரத்தியதால்தான் இந்தத் தளத்துக்கே வந்தார். உன் எண் பன்னிரண்டாக இருக்கலாம், பதின்மூன்றாக இருக்கலாம். மேலிருந்து இறங்கும்போது சிவப்புக் கோட்டுக்குக் கீழே வந்துவிடு, கறுப்பை ஒட்டியே போ, வளைவில் வெளியே வீசப்படாதே. கடைசி ஐம்பது மீட்டரில் தொடை எரியும், பார்வை குறுகும், உள்ளேயிருந்து ஒரு குரல் 'போதும், நேரம் வந்துவிட்டது' என்று சொல்லும். கோடு வரும்வரை அதற்குப் பதில் சொல்லாதே. தலையைத் தூக்காதே. கோட்டைத் தாண்டியும் நாலு மிதி மிதி.

அன்றைக்கு நாலு முறை ஓட்டச் சொன்னால் நாலாவது முறை நேரம் கூடியிருக்கும். இருக்கட்டும். நாலையும் நோட்டில் எழுது, நல்லதை மட்டும் பொறுக்கி எழுதாதே. பக்கத்தில் கியர் என்ன, எவ்வளவு நேரம் உட்கார்ந்தாய், எந்த வளைவில் கோட்டை விட்டாய், அதையும் எழுது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பாட்டி வாசலிலேயே பிடித்துக்கொண்டு 'எப்படிடா போச்சு இன்னைக்கு?' என்று கேட்பார். எண்ணைச் சொல். "பன்னெண்டு புள்ளி நாலு, பாட்டி. இன்னும் குறைக்கணும்." அதற்குப் பின்னால் 'ஆனா' என்று ஒரு வார்த்தை நாக்குவரை வரும். அதை விழுங்கிவிட்டு, சாப்பிட உட்கார்.